ஒரு மாத்திரையில் தீர்ந்துவிட்டதா சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்?

நுரையீரலிலும் கணையத்திலும் கெட்டிச் சளி அடைத்துக்கொள்ளும் பரம்பரை நோய் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். “சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை அடியோடு குணப்படுத்தும் மாத்திரை வந்துவிட்டது, இனி வேறு சிகிச்சையே வேண்டாம்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

அது குறிப்பிடுவது 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரைகாஃப்டாவை. மூன்று மருந்துகள் சேர்ந்த அந்த மாத்திரை பலரின் வாழ்க்கையை மாற்றியது உண்மைதான். ஆனால் இந்நோய்க்குக் காரணமான, 1989இல் கண்டறியப்பட்ட சிஎஃப்டிஆர் மரபணுவின் பிழையை அது திருத்துவதில்லை. அந்த மரபணுவிலிருந்து கோணலாக உருவாகும் புரதத்தைச் சரியாக மடியவைத்து, செல்லின் மேற்பரப்பில் குளோரைடு (உப்பின் ஒரு கூறு) கடக்க வழிசெய்கிறது. அதைத் தொடர்ந்து நீரும் வருவதால் சளி இளகுகிறது, மூச்சு எளிதாகிறது. மாத்திரையை நிறுத்தினால் பழைய நிலை திரும்பும். புரதமே உருவாகாத பிறழ்வு உள்ளவர்களுக்கோ அதனால் பயனே இல்லை. ஏற்கெனவே தழும்பேறிய நுரையீரலும் மீள்வதில்லை. மருத்துவரைக் கேட்காமல் நெபுலைசரையோ கணைய நொதி மாத்திரையையோ கைவிட்டுவிடாதீர்கள்.

செய்தி மறைக்கும் இன்னொன்று: இந்நோயாளிகள் இப்போது நடுவயதைக் கடந்தும் வாழ்கிறார்கள் (மகிழ்ச்சியான சிக்கல்தான்). நீரிழிவு, எலும்பு மெலிவு, கல்லீரல் பாதிப்பு ஆகியவற்றோடு பெருங்குடல் புற்றுநோய் அபாயமும் அவர்களுக்கு அதிகம். அதனால் கொலோனோஸ்கோபியை (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) 40 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது அமெரிக்க சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளை. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கு 30 வயதிலேயே.