ஆன்டெனா வைத்தால் தாதுக் கண்டறிவான் தூரமாகப் பார்க்காது

ஸ்பேஸ் எஞ்சினியர்ஸ் கணினி விளையாட்டில், அருகிலுள்ள தாதுவைக் காட்டும் தாதுக் கண்டறிவானை (ore detector) ஆன்டெனாவோடு சேர்த்தால் அதன் எல்லை 50 கிலோமீட்டர் ஆகும், உட்கார்ந்த இடத்திலிருந்தே யுரேனியம் தெரியும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க. 50 கிலோமீட்டர் என்பது பெரிய கட்டத்து (large grid, அதாவது பெரிய அளவு பிளாக்குகளால் கட்டியது) ஆன்டெனாவின் ஒலிபரப்புத் தூரம். கண்டறிவானின் எல்லை பெரிய கட்டத்தில் 150 மீட்டர், சின்னக் கட்டத்தில் 50 மீட்டர்தான்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், கண்டறிவானின் அமைப்பில் ஆன்டெனா வழியே ஒலிபரப்பும் தேர்வு ஒன்று உண்டு. அது ஏற்கெனவே கண்டுபிடித்த தாதுவின் குறியை மற்றவர்களுக்கு அனுப்பும், அவ்வளவே. தூரத்து ட்ரோன் ஒன்று விண்கல்லை உரசிக்கொண்டு நின்றால் அதன் குறி உங்கள் திரையில் தெரியும்; பார்த்தது ட்ரோன், உங்கள் கப்பல் அல்ல.

சந்தேகம் இருந்தால் கிரியேட்டிவ் உலகத்தில் (பொருள் சேகரிக்காமலே எதையும் கட்டலாம்) ஐந்து நிமிடம் போதும். கே விசையை அழுத்தி, டெர்மினலில் (கப்பலின் பிளாக்குகளுக்கான அமைப்புத் திரை) கண்டறிவானின் எல்லை ஸ்லைடர் முழுதும் வலப்பக்கம் இருக்கிறதா பாருங்கள். காக்பிட்டில் உட்கார்ந்து, ஏதாவது ஒரு தாதுக் குறி தோன்றும்வரை விண்கல்லை நெருங்குங்கள். ஆன்டெனாவை அணையுங்கள்: குறி அப்படியே இருக்கும். இப்போது அந்தத் தாதுவிலிருந்து 200 மீட்டர் தள்ளிப் போய், ஆன்டெனாவைப் போட்டு 50 கிலோமீட்டருக்கு ஏற்றிப் பாருங்கள். குறி திரும்பி வராது.

தூரம் கண்டறிவான் பிளாக்கிலிருந்துதான் கணக்கு. 60 மீட்டர் நீளக் கப்பலின் வாலில் அதை மாட்டினால் முன்பக்கம் 90 மீட்டர்தான் மிஞ்சும்; மூக்கில் வையுங்கள். பெரிய விண்கல் என்றால் ஒரு பக்கம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று கிளம்பாமல் சுற்றி வாருங்கள்.