பென்டிரைவில் வந்த தலையிடி

உப்புவெளியில் கலியாண வீடுகளுக்குக் கீபோர்ட் வாசிக்கிற அண்ணை ஒருவர் பென்டிரைவ் ஒன்றைத் தந்தார். “தம்பி, என்ர பழைய ஸ்டைல் எல்லாம் இதுக்குள்ள கிடக்கு. கொம்பியூட்டருக்கு மாத்தித் தாங்கோ.” ஸ்டைல் என்றால், நாம் பிடிக்கும் கோர்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுக்கு) ஏற்பக் கீபோர்ட் தானாக வாசிக்கும் பின்னணி இசை. பைலா, கும்மி என்று ஏகப்பட்ட கோப்புகள். ஒன்றைக்கூட என்னுடைய மென்பொருள் திறக்கவில்லை.

சரி என்று, கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் போட்டேன். முதல் நாலு எழுத்து எம், டி, எச், டி. அட, எந்தச் சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்று குறித்து வைக்கும் சாதாரண மிடி கோப்பு! தலைப்பகுதி 14 பைட், அதில் குழப்பமில்லை. அதன் பிறகுதான் கூத்து. நேர இடைவெளிகளை எழுதும்போது ஒரு பைட்டில் 7 பிட் மட்டுமே எண்ணுக்கு. மிச்சம் ஒன்று ‘இன்னும் இருக்கிறது’ என்று சொல்ல. அதனால் 200 டிக் (மிடியின் நேர அலகு) இடைவெளி 129, 72 என்று கிடக்கும்: 200 என்பது 1 × 128 + 72; அந்த 1 உடன் ‘இன்னும் இருக்கிறது’ பிட்டின் 128 சேர்ந்து 129. இதைக் கண்டுபிடிக்கவே இரவு ஒரு மணி. நடுவில் கரண்டும் போய்விட்டது.

கோப்புப் பெயரின் வாலை (புள்ளிக்குப் பின் வரும் பகுதியை) மிடி என்று மாற்றினேன். பாடியது! ஆனால் எந்தக் கோர்டைக் கொடுத்தாலும் அதே சி மேஜர் செவன் என்ற ஒரே கோர்டுதான். கோர்டுக்கு ஏற்ப எந்த வாத்தியம் எப்படி மாற வேண்டும் என்ற விதிகள், மிடி முடிந்த பிறகு தனிப் பொட்டலமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கீபோர்டோடு வந்த தடித்த கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பிளக்கை எங்கே குத்துவது என்பதற்கு மட்டும் நாலு படம்.

காலையில் அண்ணை போன் எடுத்தார்: “என்ன தம்பி, ரெண்டு நிமிச வேலைதானே?”