எந்தப் பூச்சானால் என்ன என்று கேட்பவர்களுக்கு

சர்க்யூட் போர்டு ஆர்டர் போடும்போது, பாகங்களைச் சால்டர் செய்கிற செம்புப் பேடுகளின் மேல் வரும் பூச்சைப் பற்றி எப்போதும் ஒரே பாட்டு: "பூச்சு எதுவா இருந்தா என்ன, விலை குறைஞ்சதைப் போடுங்க." கால்கள் 0.5 மி.மீ.க்கு ஒன்றாக நெருங்கி நிற்கிற (0.5 மி.மீ. பிட்ச்) ஐசிக்கு ஹாசல் (உருகிய ஈயத்தில் முக்கிச் சூடான காற்றால் வழிக்கிற பூச்சு) போட்டு அனுப்புகிறார்கள். ஒரு பேடில் ஈயம் மேடு, பக்கத்துப் பேடில் பள்ளம். ஐசி எப்படிச் சமமாக உட்காரும்? கால்களுக்கு நடுவே ஷார்ட் ஆனால் திட்டு யாருக்கு? சால்டரிங் செய்கிறவனுக்கு!

சரி, ஓஎஸ்பி (செம்பின் மேல் போடும் மெல்லிய கரிமப் படலம்) வாங்கினால்? பாக்கெட்டைப் பிரித்துத் திருவொற்றியூர் உப்புக்காற்றில் வாரக்கணக்கில் போட்டு வைக்கிறார்கள். வெறுங்கையால் பேடைத் தடவுகிறார்கள். அப்புறம் ஈயம் ஒட்டவில்லையாம். எப்படி ஒட்டும்? வெள்ளிப் பூச்சோ கந்தகம் பட்டாலே கறுத்துவிடும்; எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிற மணலிக்குப் பக்கத்தில் அதைத் திறந்து வைக்கலாமா?

எனிக்கில் (நிக்கல் மேல் தங்கம் போடும் பூச்சு) தங்கத்தின் தடிமன் பெரும்பாலும் 0.1 மைக்ரானைத் தாண்டாது. அதற்குக் கணக்குப் பார்க்கிறவர்கள், திரும்பி வந்து குவிகிற போர்டுகளுக்கு ஏன் பார்ப்பதில்லை?