கடல் ஏறுவது மட்டும்தானா?
"கடல்மட்ட உயர்வு கரையோர மக்களின் கவலை" என்று கடல் ஏறுவது பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பதை சேலத்துக்காரனான என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. கடல் ஏறுவது சரி, 1901 முதல் 2018 வரை உலக சராசரியே சுமார் 20 செ.மீ. ஏறியிருக்கிறது, ஆனால் காவிரி டெல்டா மண் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும், அதை ஈடுகட்டுவது ஆறு கொண்டுவரும் வண்டல், அந்த வண்டலைத்தான் 1934 முதல் எங்கள் மேட்டூர் அணை பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் நன்றாக இறங்கி அணையின் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடி பக்கம் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலை தலைகாட்டும்போது போய்ப் பாருங்கள், பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் சேறு, எல்லாம் கீழே போயிருக்க வேண்டியது. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், கடலைத் தடுக்க அலையாத்தி (கரையோரச் சேற்றில் வளரும் மரம்) நட்டால் போதும் என்கிறார். பிச்சாவரமோ முத்துப்பேட்டையோ, அந்தக் காட்டுக்கு நன்னீரும் சேறும் வேண்டுமே, நட்டுவிட்டு எதை ஊற்றுவாராம்? அதற்காக அணையை இடிக்கச் சொல்லவில்லை, எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் அந்தத் தண்ணீர்தான்.