எழுத்தெழுத்தாக ஒப்பிக்க வைக்காதீர்கள்

பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் நேற்று 'காஸ்ட்ரோஎன்டரைட்டிஸ்' என்ற சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் 15 எழுத்து. ஜி, ஏ, எஸ், டி என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள், பாதியில் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. எனக்கு மனசு கேட்கவில்லை.

சொல்லைத் தாளில் எழுதி இரண்டு கோடு போட்டேன். காஸ்ட்ரோ இரைப்பை, என்டர் குடல், ஐடிஸ் அழற்சி. மூன்றும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. "அப்போ டான்சிலைட்டிஸ், அப்பெண்டிசைட்டிஸ் எல்லாமே அழற்சியா மாமா?" என்றாள். ஆமாம். ஹெப்படைட்டிஸும்தான், அது கல்லீரலில். காஸ்ட்ரைட்டிஸில் இல்லாத 'ஓ' இங்கே எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி. புளியங்காயில் புளிக்கும் காய்க்கும் நடுவே 'அம்' வருகிறதே, அதுபோல இணைக்க வரும் ஒரு சாரியை என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

இதைத்தான் சொல்ல வருகிறேன். நம் பிள்ளைகளுக்கு இந்த வித்தை புதிதே இல்லை. 'வந்தனன்' என்ற சொல்லைச் செய்யுளின் ஓசைக்காக அசை பிரித்தால் வந்/தனன், நேர் நிரை, கூவிளம் என்ற சீர். சொல்லின் உறுப்புகளைப் பிரிக்கும் உறுப்பிலக்கணத்தில் வா+த்(ந்)+த்+அன்+அன். ஒரே சொல், இரண்டு விதமான வெட்டு, இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான். வாய் ஹெ-லி-காப்-டர் என்று பிரிக்கிறது. பொருளைப் பார்த்தால் ஹெலிகோ, ப்டர்: சுருள், இறக்கை. டெரோடாக்டில் என்ற பழங்காலப் பறக்கும் ஊர்வனவின் பெயரில் முதலில் ஓசையில்லாமல் நிற்கும் 'பி' ஏன் என்று இப்போது புரியும். அதுவும் அதே இறக்கைதான்.

'டுகெதர்' என்பதை டு-கெட்-ஹெர் என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஸ்பெல்லிங் நிற்கும், குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சாவி அடுத்த பூட்டைத் திறக்காது. ஐடிஸ் திறக்கும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பெடலில் இருக்கும் 'பெட்' லத்தீன் கால். பீடியாட்ரிக்ஸில் அதே மூன்று எழுத்து கிரேக்கக் குழந்தை. அகராதியைப் பார்க்காமல் வெட்டக்கூடாது.

ஆங்கில ஆசிரியர்கள் வாரத்துக்கு ஒரு வேர் எடுத்து, ஓசைக்கு ஒரு வெட்டு, பொருளுக்கு ஒரு வெட்டு என்று கரும்பலகையில் காட்டினாலே போதும். தமிழ் ஐயா போட்ட அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது.

இன்று காலை அவளே ஹிப்போபொட்டாமஸை வெட்டிக்கொண்டு வந்தாள். ஹிப்போ குதிரை, பொட்டாமஸ் ஆறு. அப்புறம் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "மெசபடோமியாவுக்குள்ளயும் அந்த ஆறு இருக்கா மாமா?" என்றாள். இருக்கிறது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள நிலம் அது.