பழைய குரூப்பை அழிக்காமல் தீராது

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறியவர்களுக்கு நண்பர்களின் மெசேஜ் வராமல் போவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். சிம்மைக் கழற்றும் முன் ஐமெசேஜை (ஆப்பிள் சாதனங்களுக்குள் இணையம் வழியாக மெசேஜ் அனுப்பும் சேவை) அணைத்தால் போதும் என்கிறது அது. ஆனால் அணைப்பது பாதி வேலைதான். பழைய போன் கையில் இல்லாதவர்களுக்கு ஆப்பிள் தளத்திலேயே ஐமெசேஜிலிருந்து எண்ணின் பதிவை நீக்கும் பக்கம் உண்டு. எண்ணைக் கொடுத்தால் எஸ்எம்எஸ்ஸில் 6 இலக்கக் குறியீடு வரும், அதை அங்கே இட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் தனி மெசேஜ் வரும், குரூப் மட்டும் வராது. எல்லோரும் ஐபோன் வைத்திருந்தபோது தொடங்கிய குரூப், மற்றவர்கள் போனில் ஐமெசேஜாகவே கிடப்பதுதான் காரணம். அதை அவர்கள் அழித்துவிட்டு, உங்கள் எண்ணைப் போட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். எண்ணை, மின்னஞ்சலை அல்ல! மின்னஞ்சலைப் போட்டால், அதற்குரிய ஆப்பிள் கணக்கு உங்கள் ஐபேடில் இன்னும் திறந்திருந்தால் மெசேஜ் அங்கேதான் போய் விழும்.

புது ஆண்ட்ராய்டு போனில், கூகுள் மெசேஜஸ் ஆப்பின் செட்டிங்ஸில் குரூப் மெசேஜை எம்எம்எஸ் (படம், குரூப் மெசேஜ்களை நெட்வொர்க் வழியாக அனுப்பும் முறை) என்று வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பதில் ஒவ்வொருவருக்கும் தனி எஸ்எம்எஸ்ஸாகப் போகும். எம்எம்எஸ்ஸுக்குப் பொதுவாக மொபைல் டேட்டா ஆனில் இருக்க வேண்டும், வைஃபை மட்டும் பல நெட்வொர்க்குகளில் உதவாது. 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் ஐபோனிலும் ஆர்சிஎஸ் (எஸ்எம்எஸ், எம்எம்எஸ்ஸுக்குப் பதிலாக வந்த புது மெசேஜ் முறை) இருக்கிறது, உங்கள் நெட்வொர்க் அனுமதித்தால்.