‘நல்ல வெயிலில் காயவைக்கவும்’

பங்குனி பிறந்து இன்னும் மூன்று கிழமை ஆகவில்லை. அதற்குள் மூன்றாவது முறையாக, அவித்துப் பரப்பிய நெல்லை மழைக்குக் கொடுத்துவிட்டேன். முதல் நாளே ஊறப்போட்ட ஒரு மூடை நெல்லை நேற்று விடியற்புறம் எழும்பி அவித்து, ஏழு மணிக்கு முற்றத்தில் படங்கு விரித்துக் கொட்டி, காலால் துழாவிப் பரப்பி, பத்து மணிக்கு ஒரு தடவையும் நண்பகலில் ஒரு தடவையும் கிளறிவிட்டு, இடையில் கோழியையும் பக்கத்து வளவு மாட்டையும் மாறி மாறித் துரத்தி, இனி இரண்டு மணித்தியால வெயில் போதும் என்ற நிம்மதியில் ஒரு வாய் சோற்றை எடுத்து வைத்த நேரத்தில், கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துப் பக்கம் ஒரு முழக்கம் கேட்டது. நானும் மாமியும் மகளும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுப்பதற்குள் பாதி நெல் நனைந்துவிட்டது. மீதியைக் கூடத்துக்குள் கொண்டுபோய்க் கொட்டி, மின்விசிறிக் காற்றிலாவது ஈரத்தை வாங்கலாம் என்று பார்த்தால், முதல் முழக்கத்தோடேயே மின்சாரம் போயிருந்தது. கூடத்தில் நெல் படுத்தது. நாங்கள் குசினியில் படுத்தோம்.

ஈரம் ஏறிய புழுங்கல் நெல்லை ஓர் இரவு குவியலாக விட்டால் மறுநாள் அதில் ஒரு புளித்த வாடை வரும். பிறகு எத்தனை நாள் காயவைத்தாலும் அந்த வாடை அரிசியிலும் நிற்கும், வடித்த சோற்றிலும் நிற்கும். இன்று காலை மூக்கை வைத்துப் பார்த்தேன். வந்துவிட்டது.

இந்தக் கதையை யாருக்குச் சொன்னாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “மழை நல்லதுதானே!” இதைச் சொல்பவர்களில் வெளிநாட்டு உறவினர் உண்டு, நகரத்தில் மாடிவீட்டில் இருப்பவர் உண்டு, அரிசியைக் கடையில் பையோடு வாங்குபவர் உண்டு, நெல் அவிக்கிற ஒருத்தி இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மழையின் அருமையை எனக்குப் படிப்பிக்க வேண்டாம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மாரியில்தான் கனகராயன் ஆறு ஓடி இரணைமடு நிறைகிறது; குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துத்தான், அந்தத் தண்ணீரை நம்பிக் கோடையில் விதைக்கிற சிறுபோகத்துக்கு இந்த முறை எத்தனை ஏக்கர் என்று பங்கு பிரிக்கிறார்கள். அந்த மழை பொய்த்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த மழைக்கு நான் கும்பிடு போடுகிறவள். நான் கோபப்படுவது பங்குனியிலும் சித்திரையிலும், காயவைக்கிற காலம் பார்த்து, பெரும்பாலும் பிற்பகலில் வருகிற இந்த அரைமணி நேர மழையின் மீது. அதைவிடவும், இப்படியொரு மழை ஆண்டுதோறும் வருகிறது என்பதையே கணக்கில் எடுக்காமல் வீடு கட்டி, நாள் குறித்து, வேலை திட்டமிடுகிற எங்கள் எல்லோர் மீதும்.

பள்ளிக்கூடத்தில் சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று மனப்பாடம் செய்தோம். தென்றல், குயில், மாம்பூ எல்லாம் அந்தப் பாடத்தில் இருந்தன. மூன்று மணி இடி மட்டும் இருக்கவில்லை. வானிலைக்காரர்கள் மார்ச், ஏப்ரல் இரண்டு மாதங்களையும் முதலாவது இடைப்பருவப் பெயர்ச்சிக் காலம் என்று தெளிவாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். வடகீழ்க் காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று இன்னும் தொடங்காத அந்த இடைவெளியில், காலை வெயில் நிலத்தைச் சுட, சூடேறிய காற்று ஈரத்தையும் அள்ளிக்கொண்டு மேலே போய், மதியத்துக்குப் பிறகு கருமேகமாகத் திரண்டு இடியோடு கொட்டுகிறது. இதிலுள்ள வஞ்சகத்தைக் கவனியுங்கள். எந்த வெயிலைப் பார்த்து நான் படங்கை விரிக்கிறேனோ, அந்த வெயில்தான் மாலை மழைக்கு அடுப்பு மூட்டுகிறது. காலையில் மப்பாக இருந்தால் நெல் அவிக்கவே மாட்டேன், நட்டமும் வராது. காலையில் பளீரென்று வெயில் எறித்து, ‘இன்றைக்கு ஒரே நாளில் காய்ந்துவிடும்’ என்று ஆசை காட்டுகிற நாளில்தான் பெரும்பாலும் அடி விழுகிறது. பழைய ஆட்கள் இதைச் சித்திரைச் சிறுமாரி என்றார்கள். மாரிக்குக் குட்டி மாரி என்று பெயர் வைத்தவர்களுக்கு அதன் குணம் தெரிந்திருக்கிறது.

வானொலியில் நாள்தோறும் அறிவிப்பு வருகிறது: பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு சில இடங்களில் இடியுடன் மழை பெய்யலாமாம். பொய்யில்லை. ஆனால் அந்தச் ‘சில இடங்கள்’ எவை என்பதுதான் எனக்கு வேண்டியது. கடந்த கிழமை எங்கள் ஒழுங்கையின் கிழக்குப் பக்கம் வெள்ளம் ஓட, மேற்குத் தொங்கலில் இருக்கிற ஒன்றுவிட்ட அக்கா வீட்டு முற்றத்தில் புழுதி கூட அடங்கவில்லை. அவர் அன்று எதையும் காயப்போடவும் இல்லை!

நெல்லோடு நின்றால் பரவாயில்லை. மாசிக் கடைசியில் பனம்பாத்தி கிண்டினோம். நல்ல பனங்கிழங்கு, விரல் விரலாகத் தும்பு குறைந்த கிழங்கு. பச்சையாகத் தின்னவோ விற்கவோ இல்லை; கோது நீக்கி, இரண்டாகப் பிளந்து, கொடி கட்டிப் போட்டு, ஒடியலாக்கினால் ஆடியில் கூழுக்கும் பிட்டுக்கும் மா கிடைக்கும் என்று ஆசைப்பட்டோம். பிளந்த கிழங்கு உடைத்தால் ‘டக்’ என்று முறியும் வரை காய்வதற்கு நல்ல வெயிலில் ஒரு கிழமையாவது வேண்டும். நான்காம் நாள் வரை பிழையில்லை. ஐந்தாம் நாள் நனைந்தது. ஆறாம் நாள் காய்ந்தது போல நடித்தது. ஏழாம் நாள் மறுபடி நனைந்தது. எட்டாம் நாள் காலையில் கொடியைப் பார்த்தால், கிழங்கின் உட்புறத்தில் பூஞ்சணம் கரும்புள்ளியாகப் பிடித்திருந்தது. தேறியது ஒரு கடகம். மீதி எருக்கிடங்குக்குப் போனது. அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்கியிருந்தால் தப்பியிருக்குமோ என்று மாமி கேட்டார். தப்பியிராது, அதுவும் வெயில் தின்னும் பண்டந்தான்.

இந்த நேரத்தில்தான் ரொறன்ரோவிலிருந்து மச்சாள் தொலைபேசி எடுத்தாள். இந்த முறை ஒடியல் மாவோடு வேப்பம்பூ வடகமும் அனுப்ப வேண்டுமாம். வேப்பம்பூ இப்போதுதான் பூக்கத் தொடங்கியிருக்கிறது. வருடத்தில் சில கிழமைகளுக்குள் பிடித்தால்தான் உண்டு. விடிய முன்னர் மரத்தின் கீழே பழைய சேலையை விரித்து, உதிர்கிற பூவை மண் படாமல் ஏந்த வேண்டும். அரைத்த உளுந்து, இடித்த செத்தல் மிளகாய், அரிந்த வெங்காயம், பெருஞ்சீரகம், உப்பு எல்லாவற்றோடும் பூவைக் குழைத்து, தட்டித் தட்டிப் பாயில் வைத்து, இரண்டு பக்கமும் புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். ஆனால் இரவு மழை பெய்தால் பூ சேலைக்கு வராமல் சேற்றுக்குப் போய்விடுகிறது. சேலையில் விழுந்த பூவும் நனைந்து கறுத்துப் போகிறது. அதையும் மீறிப் பிடித்த பூவில் தட்டிய வடகம் உள்ளே காயாமல் நாறிப்போகிறது. மச்சாளுக்கு இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். “அங்க என்னடி குறை? மழையும் பெய்யுது, நல்ல வெயிலும் எறிக்குது” என்றாள். அவள் செய்முறையும் சொன்னாள், அம்மாவிடம் கேட்டு எழுதிவைத்திருக்கிறாளாம். கடைசி வரி: நல்ல வெயிலில் காயவைக்கவும். உளுந்தும் மிளகாயும் எவ்வளவு என்று கிராம் கணக்கில் குறித்தவள், வெயில் எந்தக் கடையில் விற்கிறது என்று குறிக்கவில்லை.

சரி, மழையோடு சண்டை பிடித்து என்ன பயன். என் உண்மையான வயிற்றெரிச்சல் கூரையைப் பற்றியது.

எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. 550 சதுர அடி. ஒரு கூடம், இரண்டு அறை, ஒரு குசினி. போர் முடிந்த 2009க்குப் பிறகு திரும்பி வந்து, தறப்பாளுக்குக் கீழே இரண்டு மாரியைக் கழித்த எங்களுக்கு அந்தச் சுவரும் ஓடும் எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்; அதைக் குறை சொல்ல வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன். அந்த வரைபடத்தைப் போட்டவர் எவராக இருந்தாலும், நெல் அவித்து உண்கிற ஒரு வீட்டில் ஒரு நாளேனும் இருந்து பார்த்தவராக இருக்க முடியாது. ஆட்கள் எங்கே படுப்பது என்று யோசித்திருக்கிறார். நெல் எங்கே படுப்பது, விறகு எங்கே படுப்பது, நனைந்த படங்கு எங்கே தொங்குவது என்று யோசிக்கவில்லை. இறவாரம் ஒரு முழம் கூட நீளவில்லை; சாரல் அடித்தால் சுவர் அடிவரை நனைகிறது. விறாந்தை கட்டலாம் என்று நாங்களும் அத்திவாரம் வரை கனவு கண்டோம். காசு முடிந்த இடத்தில் வீடு முடிந்தது.

என் அம்மம்மாவின் வீடு மண்வீடு. மாரிக்குக் கிடுகு பொத்து ஒழுகும், கறையான் ஏறும், அதைச் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு இடுப்பளவுக்குத் தாழ்ந்து இறங்கிய தாழ்வாரம் நாலு பக்கமும் இருந்தது. மழை வந்தால் பாயை அப்படியே பின்னுக்கு இழுத்தால் போதும். எழும்பி ஓட வேண்டியதில்லை. அடுப்புக்கு மேலே பரண் இருந்தது; காய்ந்தும் காயாத வடகமும் மோர்மிளகாயும் புகையிலேயே மிச்ச ஈரத்தை விட்டுவிடும். வளவின் மூலையில் கல்லின் மேல் தூக்கிக் கட்டிய கொம்பறைக்குள் நெல் தரை ஈரம் காணாமல் கிடந்தது. எங்களுக்குச் சீமெந்துச் சுவர் வந்தது. தாழ்வாரமும் பரணும் கொம்பறையும் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை, அதுதான் பெரிய வெட்கம்.

வளவில் இடமில்லாதவர்கள் ஏ-35 வீதிக்குப் போகிறார்கள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற அந்தத் தார் வீதியின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கல்லும் தடியும் வைத்து, குடை பிடித்துக்கொண்டு காவலிருக்கிறார்கள். தார்ச் சூட்டில் விரைவாகக் காய்கிறது, உண்மை. மோட்டார் சைக்கிள் சறுக்குகிறது, டயர் ஏறி நெல் நொருங்குகிறது, அதுவும் உண்மை. நான் அங்கே போகமாட்டேன். போகிறவர்களைத் திட்டவும் மாட்டேன். வெட்டுமெசினில் இருந்து இறங்குகிற, மாரியை நம்பி விதைத்த காலபோக நெல்லில் ஈரம் நிறைய இருக்கும். விற்கிற நெல்லில் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறார்கள். கொள்வனவுக்கு வருகிற வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பல்லில் கடித்துப் பார்த்து, ‘ஈரம்’ என்று ஒரு சொல் சொல்லி, மூடைக்கு இத்தனை கிலோ என்று கழித்துவிடுகிறார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் அத்தனை பேர் நடுவீதியில் குந்தியிருக்கிறார்கள். உலர்த்தும் களம் வேண்டும் என்று கூட்டங்களில் பேசப்படுகிறது, தேநீரும் வழங்கப்படுகிறது.

விறகைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் முடித்தால் எனக்கு ஆறாது. 2022இல் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனபோது மூலையில் ஒதுக்கிய அடுப்பை மறுபடி மெழுகினோம். அது இன்னும் ஒதுங்கவில்லை. பாலை விறகும் பனங்கொட்டை ஊமலும் காய்ந்திருந்தால் அரசன், நனைந்தால் புகைதான். நெல் அவிக்க விறகு காய வேண்டும், விறகு காய வெயில் வேண்டும், அந்த வெயிலில் நெல்லையே போட்டுவிட்டதால் விறகு நனைந்து கிடக்கிறது.

இதற்கெல்லாம் வேண்டியது பெரிய மாளிகை இல்லை. வீட்டின் பின்சுவரோடு சேர்த்துச் சரிவாக ஒரு கூரைப் பத்தி இறக்க வேண்டும்: பன்னிரண்டு தகரம், ஆறு மரக்குற்றி, கொஞ்சம் ஆணி, ஒரு நாள் கூலி. மூன்று வருடமாகக் கேட்கிறேன். “காலபோகம் முடியட்டும்” என்பார் இவர். காலபோகம் முடிந்தால், “சிறுபோகம் முடியட்டும்” என்பார். நேற்றிரவும் குசினித் தரையில் படுத்தபடி, கூடத்தில் கிடக்கிற நெல்லைப் பார்த்துக்கொண்டே, சிறுபோகம் முடியட்டும் என்றார். நான் வாய் திறக்கவில்லை. மாமிதான் எழும்பி, அடுப்பிலிருந்து கரிக்கட்டி ஒன்றை எடுத்துவந்து, வெள்ளையடித்த சுவரில் மகன் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, கீழே திகதியும் போட்டு, மகனைக் கையெழுத்து வைக்கச் சொன்னார்.